எண்ணெய்த் தொட்டியிலிருந்து எண் திரைக்கு

கோவை மில்களின் பழைய மோட்டார் அறைகளில் வேலை பார்த்தவர்களிடம் ஸ்டார்ட்டர் என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் நினைவுக்கு முதலில் வருவது எண்ணெய் வாடைதான். வார்ப்பிரும்புப் பெட்டி, பக்கவாட்டில் நீண்ட கைப்பிடி, அடியில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் ஊற்றிய தொட்டி. கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் ஸ்டார். மோட்டார் முனகிக்கொண்டே வேகம் பிடிக்கும். முனகல் தணிந்ததும் ஒரே வீச்சில் மறுபக்கம் இழுத்தால் டெல்டா. எப்போது இழுப்பது என்பதைக் காதுதான் சொல்லும். அவசரப்பட்டு இழுத்தால் அந்தப் பக்கத்து விளக்கெல்லாம் ஒரு கணம் மங்கும். தாமதித்தால் மூன்றில் ஒரு பங்கு பலத்தில் மோட்டார் திணறிக்கொண்டு கிடக்கும்.

பெட்டிக்குள் மோட்டாரைக் காத்தது ஒரு சிறிய எண்ணெய்க் குப்பி. மோட்டாருக்குப் போகிற மின்னோட்டம் தடித்த காயில் ஒன்றின் வழியாகப் போகும். காயிலுக்கு நடுவே ஓர் இரும்புத் தண்டு எண்ணெயில் முழுகி நிற்கும். லோடு கூடினால் காயில் தண்டை மேலே இழுக்கும். எண்ணெய் அதை மெதுவாகத்தான் விடும். அந்தத் தாமதம் இருந்ததால்தான், கிளம்பும்போது பாய்கிற பல மடங்கு மின்னோட்டத்துக்கு ட்ரிப் ஆகாமல் மோட்டார் ஓடத் தொடங்க முடிந்தது. மார்கழிக் குளிரில் எண்ணெய் கெட்டியானால் தாமதம் நீளும். சித்திரையில் இளகினால் முன்கூட்டியே ட்ரிப் ஆகும். மோட்டாரின் காவல் பருவத்துக்குப் பருவம் மாறிய காலம் அது.

1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, அதன் மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் கோவையில் மில்கள் அடுத்தடுத்து எழுந்தன. உள்நாட்டிலேயே செய்த இந்தியாவின் முதல் மின் மோட்டாரும் 1937-இல் இதே ஊரில் பாலசுந்தரம் நாயுடு, ஜி.டி. நாயுடு முயற்சியில் உருவானது. மின்சாரம் வருவதற்கு முந்தைய மில்களில் ஒரு நீராவி எஞ்சின், கூரையோடு ஓடும் நீண்ட தண்டு, அதிலிருந்து எந்திரத்துக்கு எந்திரம் இறங்கும் பெல்ட்டுகள். ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் என்றானதும் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனிக் காவல் தேவைப்பட்டது. எங்கள் ஊரில் ஸ்டார்ட்டர் பெட்டி வீட்டுச் சொல்லாகப் புழங்குவது அதனால்தான்.

அந்தக் கரடுமுரடான காவலை வைத்துக்கொண்டே பழைய மோட்டார்கள் பல ஆண்டுகள் உழைத்தன. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அவற்றில் இரும்பும் செம்பும் தாராளமாக இருந்தன. கொஞ்சம் அதிகம் வேலை வாங்கினாலும் சூடேற நேரம் பிடிக்கும். இரண்டாவது, பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருந்தார். மோட்டார் உடம்பில் புறங்கையை வைத்து, எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது என்று பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடுவார். உள்ளங்கையை வைத்தால், ஷாக் அடிக்கும்போது விரல்கள் தாமாக மடங்கிப் பிடித்துக்கொள்ளும், ஆகவே புறங்கை. “தம்பி, சத்தம் மாறுதுங்க, நிறுத்திப்போடுங்க” என்று ஒரு ஃபிட்டர் சொன்னால் சூப்பர்வைசர் காரணம் கேட்கமாட்டார். வார்னிஷ் சூடேறுகிற அந்த இனிப்பும் காரமும் கலந்த வாடை, எந்த ரிலேவையும் முந்திக்கொண்டு ஆளைக் கூப்பிட்டது.

இன்றைய மோட்டாரிடம் அந்தக் கைப்பழக்கம் செல்லாது. இப்போது பரவலாக வருவது எஃப் வகுப்பு இன்சுலேஷன். அது 155 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்ற கணக்கில் செய்யப்படுவது. அதே குதிரைத்திறனுக்கு உடம்பு சிறுத்துவிட்டது, உலோகம் குறைந்துவிட்டது. சரியாக ஓடுகிற மோட்டாரின் மேல்தோலே கை வைக்க முடியாத சூட்டில் இருக்கலாம். அந்தச் சூடு நல்லதா கெட்டதா என்று புறங்கை சொல்லாது. இன்சுலேஷன் தன் வரம்பைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. ஆக, மோட்டார் மெலிந்த அளவுக்குக் காவல் கூர்மையாக வேண்டியிருந்தது.

நடுவில் வந்த பைமெட்டல் ரிலேதான் இன்றும் சின்ன மோட்டார்களைக் காத்துவருகிறது. சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டி, மோட்டாரின் மின்னோட்டத்தால் அதைச் சூடாக்கினால் அது வளைகிறது. வளைந்து ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறது. 95-96 என்று எண் போட்ட முனை திறந்து, மோட்டாருக்கு மின்சாரம் விடும் காண்டாக்டர் விழுகிறது. எளிய, நேர்மையான கருவி. பருவநிலைச் சிக்கலையும் ஈடுசெய்யும் தகடு வைத்துப் பெருமளவு சமாளித்துவிட்டார்கள். ஆனால் அதற்கு ஞாபகம் குறைவு. ட்ரிப் ஆனபின் தகடு சில நிமிடங்களில் ஆறிவிடும். மோட்டாரின் உள்ளே இருக்கும் சுற்றுகள் ஆற மணிக்கணக்கில் ஆகும். ரிலே ஆறியதும் ரீசெட் பட்டனை அழுத்தி மறுபடி ஓட்டுவார்கள். மறுபடி ட்ரிப். மறுபடி ரீசெட். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கான மின்னோட்டம் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் செம்பின் மேல் பாயும். 2012-இல் மின்வெட்டு மிகுந்திருந்த மாதங்களில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தபோது, இப்படி நின்று நின்று கிளம்பியே பல மோட்டார்கள் ரீவைண்டிங் பட்டறைக்குப் போயின.

ரீவைண்டிங் பட்டறையில் காயில் கட்டுபவருக்கு மோட்டார் செத்த விதம் தெரியும். கவரைக் கழற்றி உள்ளே பார்த்தவுடன் சொல்லிவிடுவார். எல்லாச் சுற்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு. வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கரியாகி, மீதி நேற்றுக் கட்டியதுபோல் பொன்னிறத்தில் இருந்தால், டெல்டாவில் ஓடும்போது ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு கருகியிருந்தால் ஸ்டார் இணைப்பில் ஃபேஸ் போயிருக்கிறது. இந்த மூன்றில் ஒரு பங்கு கருகல்தான் பைமெட்டல் காலத்தின் பெரிய துயரம். அதன் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 60 சதவீத லோடில் ஓடும் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் ஃபியூஸ் போனால், மீதி இரண்டு ஒயர்களிலும் மின்னோட்டம் சுமார் 1.73 மடங்காகும். அதாவது முழு லோடு அளவில் 104 சதவீதம். ரிலேவுக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் டெல்டாவுக்குள் அந்த மின்னோட்டம் சமமாகப் பிரிவதில்லை. ஒரு சுற்று மட்டும் தன் வரம்பைவிட 20 சதவீதம் அதிகம் சுமக்கும். வெளியே எல்லாம் சரி. உள்ளே ஒரு சுற்று வெந்துகொண்டிருக்கும். ஃபேஸ் குறைந்தால் சீக்கிரம் ட்ரிப் ஆகிற ரிலேக்கள் வந்து, தனி சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் வந்த பிறகுதான் இந்தச் சாவு குறைந்தது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஸ்டார்-டெல்டா பேனலில் ரிலேவின் செட்டிங். ரிலே டெல்டா வளையத்துக்குள், அதாவது ஃபேஸ் ஒயரில் இருந்தால், பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரை 0.58 ஆல் பெருக்கித்தான் வைக்க வேண்டும். 100 ஆம்பியர் மோட்டாருக்கு 58. பலகையில் உள்ள எண்ணை அப்படியே வைத்துவிட்டால், 173 ஆம்பியர் வரை ரிலே வாய் திறக்காது. இந்தத் தவறு இன்றும் நடக்கிறது. அது தவறென்று மோட்டார் எரிந்த பிறகும் பலருக்குத் தெரிவதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

இப்போது வரும் எண்முறை ரிலேவைப் பாருங்கள். கையகலப் பெட்டி, சின்னத் திரை. மூன்று ஃபேஸிலும் மின்னோட்டம், அவற்றுக்கு இடையே உள்ள சமமின்மை, எர்த்துக்குக் கசிவது, மோட்டார் சிக்கிக்கொண்டது, லோடே இல்லாமல் ஓடுவது, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கிளம்பியது என்று எல்லாவற்றையும் கவனிக்கிறது. சுற்றுகளுக்குள் புதைத்த தெர்மிஸ்டரையும் பி.டி.100 உணரியையும் இணைத்தால் சூட்டை நேராகவே படிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு ஞாபகம் இருக்கிறது. மோட்டார் எவ்வளவு சூட்டைச் சேர்த்திருக்கிறது என்று சதவீதமாகக் கணக்கு வைத்து, நின்றிருக்கும் மோட்டாரில் விசிறி ஓடாததால் மெதுவாகத்தான் ஆறும் என்பதையும் சேர்த்துப் பார்த்து, ஆறும்வரை கிளம்ப விடாது. பைமெட்டலால் முடியாதது இது. நான் இந்தக் கருவியை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இந்த ரிலே மோட்டாரைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது சி.டி. (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) கொடுக்கும் சிறிய மின்னோட்டத்தையும், யாரோ ஒருவர் திரையில் பதித்த எண்களையும்தான். இரண்டில் ஒன்று பொய் என்றாலும் அது அந்தப் பொய்யை அப்படியே நம்பிக் காவல் காக்கும்.

ஒரு 75 கிலோவாட் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். பெயர்ப்பலகையில் 132 ஆம்பியர். சி.டி. 150/5. முழு லோடில் ரிலேவுக்குள் வருவது 4.4 ஆம்பியர். ரிலேவில் சி.டி. விகிதத்தை 150 என்று பதிக்க வேண்டிய இடத்தில் 100 என்று பதித்துவிட்டால் என்ன ஆகும்? மோட்டார் 132 ஆம்பியர் இழுக்கும்போது திரை 88 என்று காட்டும். மோட்டார் 198 ஆம்பியர் இழுக்கும்போதுதான் திரையில் 132 வரும். ட்ரிப் ஆக வேண்டிய இடத்துக்கு ரிலே வந்து சேர்வதற்குள் மோட்டார் கருகிவிடும். மாறாக 200 என்று பதித்தால், காரணமில்லாமல் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். இரண்டாவது தவறு கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் தவறு மோட்டார் எரியும் நாள்வரை வாயே திறக்காது.

இன்னொன்று, சி.டி.யின் முனை. மூன்றில் ஒன்றில் எஸ்1, எஸ்2 மாறிப்போனால், மோட்டார் சீராக ஓடினாலும் ரிலேவுக்கு ஃபேஸ்கள் தலைகீழாகத் தெரியும். சமமின்மை பெரிதாகக் காட்டும், இல்லாத எர்த் கசிவும் தோன்றும். ஓட்டிய உடனே ட்ரிப். அப்போது நடக்கக்கூடாத ஒன்று நடக்கும். “சும்மா சும்மா ட்ரிப் ஆகுதுங்க” என்று அந்தப் பாதுகாப்பையே மெனுவில் அணைத்துவிடுவார்கள். ஒயரை மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டியது, காவலையே எடுத்துவிட்டதில் முடிகிறது.

ஆகவே சோதனை. அந்தக் காலத்தில் சோதனை என்றால் மோட்டாரை ஓட்டிக் காட்டுவதுதான். டங் டெஸ்டரை ஒயரில் மாட்டி ஆம்பியர் சரி என்றால் கையெழுத்து. காவல் கருவியைச் சோதிப்பதற்கு அது போதாது. அதை நிறுத்திக் காட்டச் சொல்ல வேண்டும். மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டு, சி.டி. பக்கத்தைப் பிரித்து, சோதனைப் பெட்டியிலிருந்து 4.4 ஆம்பியர் ரிலேவுக்குள் செலுத்துங்கள். திரையில் 132 வருகிறதா? ஒவ்வொரு ஃபேஸாகப் பாருங்கள். பிறகு ஓவர்லோடு. 10-ஆம் வகுப்பு ட்ரிப் என்றால், ஆறிய நிலையில் 7.2 மடங்குக்கு, அதாவது இங்கே 31.7 ஆம்பியருக்கு, 4 முதல் 10 நொடிக்குள் ட்ரிப் ஆக வேண்டும். ஸ்டாப்வாட்சைப் பிடியுங்கள். அடுத்து ஒரு ஃபேஸை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

ரிலேவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் பலர் சோதனை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். காண்டாக்டர் டப்பென்று விழும் சத்தம் கேட்க வேண்டும். ரிலேவின் மெனுவில் ட்ரிப்பை முதல் அவுட்புட்டுக்குக் கொடுத்துவிட்டு, பேனலில் ஒயரை இரண்டாவதில் இணைத்திருந்தால், விளக்கு எரியும், திரையில் ட்ரிப் என்று எழுத்து வரும், மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எண்ணெய் ஸ்டார்ட்டரில் இது நடக்க வழியே இல்லை. தண்டு மேலேறினால் கைப்பிடி விழுந்தே தீரும். இப்போது கண்டறிவதும் நிறுத்துவதும் இரண்டு வேலையாகப் பிரிந்துவிட்டன. நடுவே உள்ள ஒயரை மனிதன்தான் சரிபார்க்க வேண்டும். ரிலேவின் கன்ட்ரோல் சப்ளையே போனால் மோட்டார் நிற்க வேண்டுமா, காவலில்லாமல் ஓட வேண்டுமா என்பதையும் ஒயரிங் செய்யும்போதே முடிவு செய்தாக வேண்டும். நிற்க வேண்டும் என்பதே என் கருத்து. தீயணைப்பு பம்ப் போன்ற சிலதுக்கு மட்டும் விதிவிலக்கு.

கருவியைச் சோதிக்கப்போய் ஆளை இழந்துவிடக் கூடாது. பழைய ஒயர்மேன்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு வேலை செய்தவர்கள். கையில் இருந்தது இரண்டு பல்புகளை சீரிஸில் கட்டிய டெஸ்ட் லாம்ப். “ஒரு கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கோ” என்று கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும் என்று அவர்களுக்குத் தெரியும். வேலைக்குப் போகுமுன் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். கட்டை தன்னிடம் இருக்கும்வரை யாரும் ஓட்ட முடியாது. அருமையான வழக்கம். இன்று பூட்டும் அட்டையும் போடும் முறை அதே எண்ணத்தின் வளர்ந்த வடிவம்தான்.

ஆனால் அன்று மெயினை அணைத்தால் பெட்டி முழுக்கச் செத்துவிடும். இன்று அப்படி இல்லை. மெயின் ஐசொலேட்டர் அணைந்திருக்கும்போதே, வேறொரு பேனலிலிருந்து வரும் 110 அல்லது 230 வோல்ட் கன்ட்ரோல் சப்ளை உள்ளே உயிரோடு இருக்கும். மெயின் அணையாதிருந்தால், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் திரையில் தொட்டு மோட்டாரைக் கிளப்பிவிடலாம். மோட்டார் பக்கத்தில் நிற்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. வேகத்தை மாற்றும் டிரைவ் இருந்தால், மின்சாரம் போன பின்பும் அதன் கெப்பாசிட்டர்களில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கும். தயாரிப்பாளர் எழுதியிருக்கும் நிமிடங்கள் முழுதும் காத்திருக்க வேண்டும். ஆகவே நியான் டெஸ்டரை நம்பி உள்ளே கை வைக்காதீர்கள். தகுந்த தரமுள்ள மீட்டரை முதலில் மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதென்று உறுதி செய்யுங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு எர்த் பாருங்கள். மறுபடி மின்சாரம் இருக்கிற இடத்துக்கே போய் மீட்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஆகும் சில நிமிடங்களை எந்த புரொடக்‌ஷன் மேனேஜரும் குறைக்கச் சொல்ல உரிமை கிடையாது.

சி.டி.யைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மோட்டார் ஓடும்போது சி.டி.யின் இரண்டாம் பக்க ஒயரைக் கழற்றவே கூடாது. கழற்றிய வாயில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்ட்டேஜ் எழும். முதலில் எஸ்1, எஸ்2 இரண்டையும் ஷார்ட் செய்ய வேண்டும், பிறகுதான் கழற்ற வேண்டும். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரும் அப்படியே. 500 வோல்ட் மெக்கரைப் போடுமுன் ரிலே, டிரைவ், தெர்மிஸ்டர் ஒயர் எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். தெர்மிஸ்டரின் இரண்டு ஒயர்களுக்கு நடுவே மெக்கரை வைத்தால், சுற்றுக்குள் புதைந்திருக்கும் அந்தச் சிறு மணி அங்கேயே சாகும். அதை மாற்ற மோட்டாரையே பிரிக்க வேண்டும்.

அன்றைக்கும் குறுக்குவழிகள் இருந்தன. ஃபியூஸ் கட்டையில் முறுக்கிய செம்பு ஒயர், காண்டாக்டரை அழுத்திப் பிடிக்கச் செருகிய மரக்குச்சி, 95-96க்கு நடுவே ஒரு லூப். தவறுதான், ஆனால் பேனலைத் திறந்தால் கண்ணில் படும். வருகிற எவரும் கேள்வி கேட்கலாம். இன்றைய குறுக்குவழி மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. ட்ரிப் என்றிருந்ததை அலாரம் என்று மாற்றியிருப்பார்கள். 132-ஐ 160 ஆக்கியிருப்பார்கள். பேனல் பளபளவென்று இருக்கும், ஃபெரூல் எண்கள் வரிசையாக இருக்கும், பச்சை விளக்கு எரியும். யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பதற்குப் பேனலில் தடயம் இல்லை. பல ரிலேக்களில் பாஸ்வேர்டு வசதி இருந்தும் தயாரிப்பாளர் வைத்துக்கொடுத்ததையே மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். நிகழ்வுப் பதிவு இருந்தும் யாரும் படிப்பதில்லை. மின்சாரப் பாதுகாப்புக்கென்று மத்திய மின்சார ஆணையம் 2010-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகள் 2023-இல் புதுப்பிக்கப்பட்டன. எந்த விதியும் ஒரு ரிலேவின் மெனுவுக்குள் தானாகப் போய் எட்டிப்பார்க்காது.

எங்கள் ஊர்ப் பட்டறைகளிலும் மில்களிலும் ஆண்டுக்கு ஒரு நாள் எல்லா பேனலும் திறக்கும். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். முன்பு அன்றைக்கு ஸ்டார்ட்டர் எண்ணெயை மாற்றுவார்கள், காண்டாக்டுகளை எமரித் தாளால் தேய்ப்பார்கள், தண்டு தடையில்லாமல் மேலேறுகிறதா என்று விரலால் தூக்கிப் பார்ப்பார்கள். சோதனை என்று பெயர் வைக்காமலே செய்த சோதனை அது. இப்போது புளோயரால் தூசி ஊதி, கதவில் சந்தனமும் குங்குமமும் வைத்து மூடிவிடுகிறோம். உள்ளே இருக்கும் ரிலேவை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்த நாளிலேயே, மோட்டார்கள் எப்படியும் நிற்கும் அந்தச் சில மணி நேரத்தில், ஒவ்வொரு ரிலேவையும் ஒருமுறை ட்ரிப் ஆக்கிக் காண்டாக்டர் விழுகிறதா என்று பார்க்கலாம். திரையில் உள்ள செட்டிங்கைப் பெயர்ப்பலகையோடும் சி.டி.யோடும் ஒப்பிடலாம். அவற்றை ஒரு தாளில் எழுதி, தேதியும் சோதித்தவர் கையெழுத்தும் போட்டு, பேனல் கதவின் உட்புறத்தில் செருகிவைக்கலாம். சோதனைப் பெட்டி வாங்க வசதியில்லாத சின்னப் பட்டறையிலும் ரிலேவின் டெஸ்ட் பட்டனையாவது அழுத்திப் பார்க்க முடியும். அடுத்த ஆண்டு அதே தாளை எடுத்து, எந்த எண் மாறியிருக்கிறது, யார் சொல்லி மாறியது என்று கேட்க முடியும்.